முயல் ஒரு நாள் உண்ணாவிட்டால் காத்திருக்கலாமா? – செல்லப்பிராணிகள் கட்டுரைக்கு ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் வளர்க்க ஏற்ற செல்லப்பிராணிகள் குறித்துத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். நாய், பூனை, கிளி என்று தொடங்கிய கட்டுரை முயலுக்கும் கால் பக்கம் ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்தக் கால் பக்கத்துக்குள் பல பிழைகள் இருந்தன. அவற்றுள் ஒன்று, அதை நம்பி நடப்பவர் வீட்டு முயலின் உயிரையே பறித்துவிடக்கூடியது. முயல் ஒரு நாள் தீனி எடுக்காவிட்டால் பதற வேண்டியதில்லை, மறுநாளும் உண்ணாவிட்டால் மருத்துவரிடம் கொண்டுபோகலாம் என்ற அறிவுரையைத்தான் சொல்கிறேன். உடல்நலமுள்ள வளர்ந்த நாய்க்கு அது பொருந்தலாம், முயலுக்குப் பொருந்தாது. பத்து ஆண்டுகளுக்கு மேலாக முயல் வளர்ப்பவன் என்ற முறையிலும், இதே அறிவுரையை வேறு யாரோ சொல்லக் கேட்டு ஓர் இரவு முழுவதையும் வீணாக்கியவன் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுப் பஞ்சுவுக்கு அப்போது நான்கு வயது, எடை 1.8 கிலோ. தீவனக் கிண்ணத்தின் ஓசை கேட்டால் எங்கிருந்தாலும் ஓடிவந்து காலைச் சுற்றும் முயல் அது. அன்று மாலையும் வந்தது. குச்சித் தீவனம் ஒன்றை வாயில் எடுத்தது, ஒருமுறை மென்றது, கீழே போட்டது. மீண்டும் எடுத்தது, மீண்டும் போட்டது. பிறகு கிண்ணத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டது. வயிறு நிறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரவு பதினொரு மணிக்கு விளக்கைப் போட்டுப் பார்த்தபோதும் அதே மூலையில், முதுகைக் கூனிக்கொண்டு, கண்களைப் பாதி மூடியபடி இருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தேன். காலையில் தட்டில் ஏழே ஏழு புழுக்கைகள் கிடந்தன. வழக்கமாக ஓர் இரவில் நூற்றுக்கு மேல் கிடக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழக் கொண்டைக்கடலை அளவு இருக்கும். அன்று கிடந்த ஏழும் மிளகைவிடச் சற்றே பெரியவை. கரிய நிறம், கல்லைப் போன்ற இறுக்கம். காதைத் தொட்டால் சில்லென்றிருந்தது.

மருத்துவர் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது 37.2 டிகிரி செல்சியஸ் காட்டியது. நம் உடம்புக்கு அது சரியான அளவுதானே என்று எனக்குச் சற்று நிம்மதிகூட ஏற்பட்டது. முயலின் இயல்பான வெப்பநிலை 38.5 முதல் 40 டிகிரி வரை என்றும், 38க்குக் கீழே இறங்கிவிட்டால் உடல் தளர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள் என்றும் அவர் விளக்கிய பிறகுதான் நிலைமை புரிந்தது. அவர் முதலில் உணவு எதையும் கொடுக்கவில்லை. பஞ்சுவைச் சூடான துணியில் சுற்றி வைத்து, வலிநிவாரணி ஊசி போட்டு, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றினார். பிறகு எக்ஸ்ரே எடுத்தார். இரத்தச் சர்க்கரையையும் பார்த்தார். குடலில் அடைப்பு இருக்கும் முயல்களுக்குச் சர்க்கரை மிகவும் ஏறிவிடுமாம். அடைப்பு இல்லை என்று ஓரளவு உறுதியானால்தான் வாய்வழியாக ஊட்டலாமாம். அடைப்பு இல்லை. அன்று பிற்பகலிலிருந்து நார்ச்சத்து மிகுந்த மாவுணவை வெந்நீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாக ஊட்டினோம். மூன்றாம் நாள் விடியற்காலையில் தட்டில் நான்கு புழுக்கைகள் விழுந்திருந்ததைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்த எல்லோரையும் எழுப்பினேன். முயல் வளர்க்காதவர்களுக்கு இந்த மகிழ்ச்சி விளங்காது.

இந்நிலையைக் குடல் இயக்கம் தேங்குதல் என்று சொல்லலாம். மருத்துவர்கள் ஜிஐ ஸ்டேசிஸ் என்கிறார்கள். இது தனியொரு நோயின் பெயரன்று, பல கோளாறுகள் வந்து சேருமிடம் என்பதை முதலில் குறிப்பிட வேண்டும். நார்ச்சத்துக் குறைவு, தண்ணீர் போதாமை, பல்வலி, சிறுநீர்ப்பை வலி, கூண்டை விட்டு வெளியே வராமல் அடைந்து கிடப்பது, துணை முயலை இழந்த அதிர்ச்சி, பட்டாசு போன்ற பேரொலி, வீடு மாற்றம் என எதனாலும் முயலின் குடல் அசைவு மந்தமாகலாம். மந்தமானதும் உள்ளேயிருக்கும் உணவு உலர்ந்து இறுகுகிறது; வாயு சேர்கிறது; வாயு சேர்ந்ததால் வலிக்கிறது; வலிப்பதால் முயல் உண்ண மறுக்கிறது; உண்ணாததால் குடல் மேலும் மந்தமாகிறது. இந்தச் சுழலை முயல் தானாக அறுத்துக்கொண்டு வெளியே வருவது அரிது. இதற்கிடையில் பட்டினி கிடக்கும் உடல் தன் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பத் தொடங்குகிறது. பருத்த முயல்களில் இந்தக் கொழுப்பே கல்லீரலைச் செயலிழக்கச் செய்துவிடும். ஆகவேதான் 10 முதல் 12 மணி நேரம் வரை முயல் உண்ணவுமில்லை, புழுக்கை போடவுமில்லை என்றால் அதை அவசர நிலையாகக் கருத வேண்டும் என்று முயல் மருத்துவம் அறிந்தவர்கள் வலியுறுத்துகிறார்கள். வயிறு திடீரென்று மத்தளம் போல் உப்பிவிட்டாலோ அந்த 12 மணி நேரம்கூட இல்லை. உடனே புறப்பட வேண்டும்.

முயலுக்கு மட்டும் ஏன் இந்த அவசரம் என்று கேட்பவர்களுக்கு அதன் வயிற்றின் அமைப்பே விடை. முயலால் வாந்தியெடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்திலுள்ள தசை வளையம் அவ்வளவு வலிமையானது. உள்ளே போனது எதுவானாலும் முன்னோக்கித்தான் நகர வேண்டும். நலமுள்ள முயலின் இரைப்பை ஒருபோதும் முழுக்கக் காலியாக இருப்பதில்லை. சிறுகுடலும் பெருங்குடலும் சந்திக்குமிடத்தில், ஒரு முனை மூடிய பெரிய பையைப் போலக் குருட்டுக்குடல் அமைந்திருக்கிறது. மனிதருக்கு அது பெயரளவுக்கு இருக்கும் உறுப்பு. முயலுக்கோ இரைப்பையைப் போலப் பல மடங்கு கொள்ளும் புளிக்கவைக்கும் தொட்டி. கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் அதற்குள் இருந்துகொண்டு தாவரப் பொருளைச் சிதைத்து, முயலின் உடல் பயன்படுத்தக்கூடிய கொழுப்பு அமிலங்களாகவும் வைட்டமின்களாகவும் மாற்றுகின்றன.

பெருங்குடலின் தொடக்கப் பகுதி செய்யும் வேலை எனக்கு இன்றும் வியப்பளிப்பது. அது சல்லடையைப் போல் உணவைப் பிரிக்கிறது. நீளமான, செரிக்காத நார்த் துகள்களை விரைவாக முன்னே தள்ளி, நாம் தட்டில் காணும் உருண்டைப் புழுக்கைகளாக வெளியேற்றுகிறது. நுண்ணிய துகள்களையும் நீரையும் எதிர்த்திசை அசைவால் குருட்டுக்குடலுக்கே திருப்பியனுப்புகிறது. செரிக்காமல் வெளியேறும் அந்த நீண்ட நாரினால் முயலுக்கு ஊட்டம் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. ஆனால் குடலை அசைத்துக்கொண்டே இருப்பது அதுதான். நாரில்லாத தீனியைக் கொடுத்துவிட்டு முயல் வயிறாரத் தின்றது என்று மகிழ்வது, இந்தச் சல்லடை வேலை நின்றுபோவதற்கு வழிசெய்வதாகும்.

கட்டுரையின் இரண்டாவது பிழை இந்த இடத்தில் வருகிறது. முயல் தன் கழிவைத் தானே உண்பது கெட்ட பழக்கம் என்றும், கூண்டை அடிக்கடி கழுவி அதைத் தடுக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. குருட்டுக்குடலில் புளித்த பொருள், நாளில் குறிப்பிட்ட வேளைகளில், உருண்டைப் புழுக்கையிலிருந்து முற்றிலும் வேறான வடிவில் வெளிவருகிறது. மென்மையாக, பளபளப்பாக, சளிப்படலம் போர்த்தி, சிறு திராட்சைக் குலையைப் போல் ஒட்டிக்கொண்டிருக்கும் இதை மென்புழுக்கை என்று நான் சொல்வது வழக்கம். முயல் குனிந்து ஆசனவாயிலிருந்தே அதை வாயில் வாங்கி, மெல்லாமல் விழுங்கிவிடும். பி வகை வைட்டமின்கள், வைட்டமின் கே, நுண்ணுயிரிகள் உருவாக்கிய புரதம் ஆகியவை அதற்கு அப்படித்தான் கிடைக்கின்றன. 1882ஆம் ஆண்டிலேயே மோரோ என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர் இதைக் கவனித்து எழுதிவிட்டார். அசைபோடும் மாடு இரைப்பையிலிருந்து வாய்க்கு மீட்டெடுப்பதை முயல் சற்றுச் சுற்றுவழியில் செய்கிறது, அவ்வளவே வேறுபாடு. இதைத் தடுத்தால் முயலைப் பட்டினி போடுகிறோம் என்றே பொருள்.

முயலைக் கொறித்துண்ணி என்று குறிப்பிட்டிருந்ததைச் சின்னத் தவறு என்று விட்டுவிடலாம்தான். மேல்தாடையில் இரண்டு வெட்டுப்பற்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு சிறு பற்கள் ஒளிந்திருக்கும் முயல் இனத்தைத் தனி வரிசையாகவே பிரிக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜேம்ஸ் கிட்லி 1912இல் எழுதினார்; உயிரியல் நூல்கள் இன்று அப்படித்தான் பிரிக்கின்றன. ஆனால் அந்தச் சின்னத் தவறுதான் அடுத்த வரியில் பெரிய தவறாக வளர்ந்திருக்கிறது. எலி இனத்தைப் போலத் தானியமும் பருப்பும் விதைகளும் கலந்து கொடுக்கலாம், கேரட் தாராளமாகக் கொடுக்கலாம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. மாவுச்சத்தும் சர்க்கரையும் குருட்டுக்குடலைச் சென்றடையும்போது அங்குள்ள நுண்ணுயிரிகளின் சமநிலை குலைகிறது. வாயுவை உண்டாக்கும் பாக்டீரியாக்களும் நச்சை உண்டாக்கும் பாக்டீரியாக்களும் பெருகுகின்றன. கேரட் கிழங்கு முயலுக்குத் தின்பண்டம். விரல் நுனி அளவுத் துண்டு போதும். பழமும் அப்படியே. ரொட்டியும் பிஸ்கட்டும் அறவே கூடாது.

வளர்ந்த முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் உலர்புல் இருக்க வேண்டும். அது எந்நேரமும் தீராமல் கிடக்க வேண்டும். கட்டுரையில் வைக்கோல் என்று எழுதியிருந்தார்கள். இது வெறும் சொல் பிழையன்று. தானியத்தை அடித்து எடுத்த பிறகு மிஞ்சும் உலர்ந்த தாள்தான் வைக்கோல். அதில் சத்து மிகக் குறைவு, படுக்கையாகப் போடலாம். உலர்புல் என்பது பசுமை மாறுமுன் அறுத்து நிழலும் வெயிலும் காட்டிக் காயவைத்த புல்; முகர்ந்தால் மணக்கும். திமொத்தி போன்ற புல்வகைகள் வளர்ந்த முயலுக்கு ஏற்றவை. குதிரைமசால் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்தது என்பதால் வளரும் குட்டிகளுக்கும் ஈன்ற முயலுக்கும் மட்டும் பொருந்தும். குச்சித் தீவனத்தைப் பொறுத்தவரை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம் என்ற அளவைத் தாண்ட வேண்டியதில்லை. அதை நிறைத்துவைத்தால் முயல் உலர்புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கீரையும் தழையும் தினமும் தரலாம், ஈரத்தோடே தரலாம். தண்ணீரைப் புட்டியில் தொங்கவிடுவதைவிடக் கனமான கிண்ணத்தில் வைத்தால் முயல் கூடுதலாகக் குடிக்கும். இதை நான் அளந்தே பார்த்திருக்கிறேன். எந்தத் தீனியை மாற்றுவதென்றாலும், பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒன்றிரண்டு வாரங்களில் மாற்றுவது நல்லது.

உலர்புல் குடலுக்கு மட்டுமன்று, பல்லுக்கும் வேண்டும். முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. வெட்டுப்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் கடைவாய்ப்பற்கள் தேய்கின்றன. குச்சித் தீவனத்தை மேலும் கீழுமாக நொறுக்கினால் அந்தத் தேய்மானம் கிடைக்காது. பஞ்சுவுக்கு வந்த கோளாறு அங்கேதான் தொடங்கியிருந்தது. குடல் சரியான பிறகு மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்து பார்த்தபோது, கீழ்க்கடைவாய்ப் பல்லொன்று முள்ளைப் போல் உட்புறமாக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது தெரிந்தது. தீனியை எடுத்து எடுத்துக் கீழே போட்டதற்குக் காரணம் அதுவே. வயிற்று நோய் என்று ஓடினோம். மூலம் வாயில் இருந்தது. குச்சித் தீவனத்தைக் கணக்கில்லாமல் போட்டுப் பழக்கியவன் நான்தான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதில் என்னை இன்றும் உறுத்துவது வேறொன்று. அந்த இரவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பிருந்தே புழுக்கைகள் சிறுத்துக்கொண்டு வந்ததை என் மகள் கவனித்துச் சொல்லியிருந்தாள். நான் பொருட்படுத்தவில்லை. இரை விலங்கான முயல் வலியை மறைத்துக்கொள்ளும். தளர்ந்ததாகக் காட்டிக்கொள்ளும் முயலைத்தான் காட்டில் நரி முதலில் பிடிக்கும். ஆகவே முகத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று காத்திருப்பவர் பெரும்பாலும் பிந்திவிடுவார். தட்டு அப்படி மறைப்பதில்லை. காலையும் மாலையும் கூண்டைச் சுத்தம் செய்யும்போதே அரை நிமிடம் நின்று தட்டைப் பார்ப்பதுதான் முயல் வளர்ப்பவர் செய்யக்கூடிய ஆகச் சிறந்த மருத்துவப் பரிசோதனை என்பேன்.

எண்ண வேண்டியதில்லை, வழக்கமான குவியல் எவ்வளவு இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும். நல்ல புழுக்கை ஒரே அளவில், உருண்டையாக, வெளிர் பழுப்பு அல்லது பொன்பழுப்பு நிறத்தில் இருக்கும். விரலால் நசுக்கினால் மரத்தூளைப் போல் உதிர்ந்து உள்ளே புல்லின் நார் தெரியும். முகம் சுளிக்க வேண்டாம், அதில் நாற்றம் இராது. புழுக்கை சிறுத்துக் கறுத்து இறுகினால் உணவோ நீரோ குறைந்திருக்கிறது. ஒரே தட்டில் பெரிதும் சிறிதும் கலந்து கிடந்தாலும், இரண்டு மூன்று ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தாலும் குடல் சீராக ஓடவில்லை என்று கொள்ளலாம். உரோமத்தில் கோத்த மணிமாலையைப் போல் வந்தால் முயல் உரோமம் உதிர்க்கும் பருவத்தில் இருக்கிறது. தினமும் சீவிவிட்டு, உலர்புல்லையும் தண்ணீரையும் கூட்ட வேண்டும்.

மென்புழுக்கைகள் உண்ணப்படாமல் தட்டில் நசுங்கிக் கிடந்தால், அல்லது பின்புறத்து உரோமத்தில் அப்பிக்கொண்டிருந்தால், வயிற்றுப்போக்கு என்று பலரும் அஞ்சுவார்கள். பெரும்பாலும் அது வயிற்றுப்போக்கு அன்று. சத்து மிகுந்த தீனி கூடிப்போனதாலோ, உடல் பருமனாலோ, மூட்டுவலியாலோ, பல்வலியாலோ முயலால் அதைக் குனிந்து எடுக்க முடியாமல் போகிறது. உருண்டைப் புழுக்கையும் கூடவே விழுந்துகொண்டிருந்தால் இதுதான் காரணம் என்று கொள்ளலாம். ஆயினும் அழுக்கை அப்படியே விட்டுவிட்டால் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடும். உண்மையான வயிற்றுப்போக்கு முற்றிலும் வேறு: உருண்டைப் புழுக்கையே இல்லாமல் நீராகவோ கூழைப் போன்ற சளியாகவோ போகும். தாய்ப்பாலை மறக்கும் பருவத்துக் குட்டிகளுக்கு இது வந்தால், காக்சிடியா என்னும் ஒட்டுண்ணி உட்படப் பல காரணங்கள் இருக்கலாம். எதுவாயினும் சில மணி நேரத்தில் உடல் வற்றிப்போகும். அங்கே வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை.

இரண்டு முயல்களை ஒன்றாக வளர்ப்பவர்களுக்கு எந்தப் புழுக்கை எதனுடையது என்ற குழப்பம் வரும். ஐயம் எழும் நாளில் நடுவே கம்பிவலையொன்றை வைத்து, ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் முடிகிறபடி சில மணி நேரம் பிரித்து வைத்தால் தெரிந்துவிடும். மருத்துவரிடம் போகும்போதும் துணையை உடன் கொண்டுபோவதே நல்லது. தனிமையும் குடலைப் பாதிக்கும்.

தட்டுக்கு அடுத்தபடி எனக்கு உதவியது தராசு. வாரம் ஒருமுறை, அதே நாளில், அதே வேளையில், கூடையில் உட்காரவைத்து எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுகிறோம். 1.8 கிலோ முயல் 100 கிராம் குறைந்தால் கையில் தூக்கும்போது தெரியாது. ஆனால் 60 கிலோ மனிதர் மூன்று கிலோவுக்கு மேல் இழந்ததற்கு அது சமம். உரோமம் எல்லாவற்றையும் மூடிவிடுவதால் கண்ணை நம்ப முடியாது.

வலியின் அறிகுறிகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம். கண்ணைச் சுருக்குதல், கன்னம் ஒட்டிப்போதல், மூக்கின் வடிவம் கூராதல், மீசையும் காதும் வழக்கமான நிலையிலிருந்து மாறுதல் ஆகிய ஐந்தைக் கொண்டு முயலின் வலியை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். தடவிக்கொடுக்கும்போது மெல்லப் பல்லைக் கடிப்பது இன்பத்தின் ஒலி. உடலைக் கூனிக்கொண்டு நறநறவென்று கடிப்பது வலியின் ஒலி. வயிற்றைத் தரையில் அழுத்திக்கொண்டு நீட்டிப் படுப்பதும், உடனே எழுந்து இடம் மாற்றுவதும் வாயு வலிக்கு அடையாளம். விலாவுக்குப் பின்னால் காதை வைத்துக் கேட்டால் நலமுள்ள முயலின் வயிற்றில் இடையிடையே மெல்லிய களகளப்பு கேட்கும். நீண்ட நேரம் ஒன்றுமே கேட்காவிட்டால் நல்லதன்று. ஆனால் வயிற்றைப் பிசைந்து பார்க்கும் வேலையை யாரும் செய்யக் கூடாது.

முயல் உண்ணவில்லை என்று தெரிந்ததும் வீட்டில் செய்யக்கூடியவை மிகக் குறைவே: விருப்பமான தழையை முகத்தருகே நீட்டிப் பார்க்கலாம், தண்ணீர் வைக்கலாம், காது குளிர்ந்திருந்தால் துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டியைப் பக்கத்தில் வைக்கலாம், மருத்துவருக்குத் தொலைபேசலாம். அடைப்பு இருக்கிறதா என்று தெரியாமல் சிரிஞ்சால் வலிந்து ஊட்டுவதும், மனிதர்களுக்கான வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பதும் கேட்டில் முடியும். முயல் வயிற்றில் உரோமம் உருண்டையாகச் சேர்வதுதான் நோய்க்குக் காரணம், அன்னாசிச் சாறு அதைக் கரைத்துவிடும் என்று கட்டுரை சொல்லியிருந்ததும் பழைய நம்பிக்கையே. தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் எந்த முயலின் இரைப்பையிலும் சிறிது உரோமம் இருக்கும். குடல் ஓடும்வரை அது உணவோடு போய்விடும். குடல் நின்று, நீர் வற்றிய பிறகுதான் அது இறுகி உருண்டையாகிறது. அன்னாசிச் சாற்றிலுள்ள நொதி உரோமத்தைக் கரைக்காது. அதிலுள்ள சர்க்கரைதான் வயிற்றுக்குப் போய்ச் சேரும்.

மருந்து குறித்தும் ஓர் எச்சரிக்கை. அமாக்சிசிலின், ஆம்பிசிலின் முதலிய பென்சிலின் வகை மருந்துகளையும் கிளிண்டாமைசின், லின்கோமைசின் ஆகியவற்றையும் வாய்வழியாக முயலுக்குக் கொடுத்தால், குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிரிகள் அழிந்து, நச்சு உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் பாக்டீரியாக்கள் பெருகி, முயல் இறந்துவிடக்கூடும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை யாரும் எடுத்துக் கொடுத்துவிட வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவு நாயையும் பூனையையும் பட்டினி போடுவதைப் போல முயலைப் போடுவதும் தவறு; வாந்தியெடுக்க முடியாத விலங்குக்கு அந்தப் பட்டினியால் நன்மையில்லை, குடல் நிற்கும் ஆபத்து மட்டுமே மிஞ்சும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயல்களை அடிக்கடி பார்ப்பவர்கள் அல்லர். முயல் நலமாக இருக்கும் நாளிலேயே, இரவிலும் விடுமுறையிலும் யாரிடம் போகலாம் என்று விசாரித்து எண்ணைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. நான் அப்படிச் செய்திருந்தால் அந்த இரவு பதினொரு மணிக்கே புறப்பட்டிருப்பேன்.

பஞ்சு அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை, குச்சித் தீவனம் அளந்து ஒரு கைப்பிடி, மற்றபடி உலர்புல். இன்னும் இரண்டு முறை புழுக்கை சிறுத்தது. இரண்டு முறையும் உண்பதை நிறுத்துவதற்கு முன்னரே மருத்துவரிடம் போய்விட்டோம். தட்டை முதலில் பார்த்தது என் மகள்தான்.

கடிதம் நீண்டுவிட்டதை அறிவேன். முழுவதையும் வெளியிட இடமில்லாவிட்டால், முயல் 12 மணி நேரம் உண்ணாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது என்ற திருத்தத்தை மட்டுமாவது, அக்கட்டுரை வெளிவந்த அதே பக்கத்தில், எதிர்வரும் வார இணைப்பிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மென்புழுக்கை பற்றிய திருத்தத்துக்கும் இடமிருந்தால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்